ஒரே வீடு, நான்கு மாவட்டம்

போன மாதம் என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். குடும்பத்தில் தெரிந்தவரை எல்லாத் தலைமுறைக்கும் பெயர், பிறந்த ஊர், பிறந்த மாவட்டம் எழுதி வர வேண்டுமாம். "தாத்தா, எல்லாரும் இந்த வீட்டுலதானே பொறந்தீங்க, எல்லாத்துக்கும் விருதுநகர் மாவட்டம்னு போட்டுரவா?" என்று கேட்டாள். "கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டுப் பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன்.

என் தாத்தா பிறந்தது 1906. அன்றைக்கு இது திருநெல்வேலி ஜில்லா. அப்பா 1926, நான் 1957. எங்கள் இருவருக்கும் ராமநாதபுரம். மகன் 1986-ல் பிறந்தான், அவனுக்குக் காமராஜர் மாவட்டம். பேத்திக்கு விருதுநகர் மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் கிராமத்தில் இந்த வீடு ஓர் அடிகூட நகரவில்லை. ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆனது, அவ்வளவுதான். ஆனால் நான்கு மாவட்டங்களைப் பார்த்துவிட்டது.

பேத்திக்கு இது வேடிக்கையாக இருந்தது. முப்பத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகத் தொடங்கித் தாசில்தாராக ஓய்வுபெற்ற எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. அவளுக்குச் சொன்னதையும், அவள் வயதுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மலையும் தண்ணீரும்

எங்கள் தாலுகாவைப் புரிந்துகொள்ள மேற்கே பார்த்து நின்றால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடும். நமக்கு மேகம் மட்டும் தெரியும். நம்முடைய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான். மலையடிவாரத்தில் செம்மண், தென்னையும் மாவும். கிழக்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் போகப் போகக் கரிசல், பருத்தியும் சோளமும் கம்பும். ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் மண்ணின் நிறமே மாறிவிடும்.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் சிற்றாறுகளும் பல. வத்திராயிருப்புப் பக்கம் பெரியாறு, கோவிலாறு என்ற பிளவக்கல் அணைகள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில், முடங்கியாறு. அங்கே ஆறாம் மைலில் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்துதான் ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர். தேவதானம் பக்கம் சாஸ்தா கோவில் அணை. இவற்றில் மிஞ்சுவதெல்லாம் கடைசியில் வைப்பாற்றைச் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகும். ஆனால் இங்கே ஆறு என்பது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களுக்குக் கண்மாய். மழைத் தண்ணீரை ஒரு கண்மாயில் நிறுத்தி, அது நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலி போட்டு வைத்தார்கள் பழைய ஆட்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஊர் காயும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலைக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. 1988-ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். சிலர் "புலிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்தார்கள். காடு இருந்தால்தான் ஓடையில் தண்ணீர். புலிக்காகக் காத்தாலும் குடிப்பது நாம்தான்.

அயனும் ஜமீனும்

ஊர்ப் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். புத்தூர் என்றால் புதிய ஊர். வில்லி என்ற வேடர் தலைவன் காட்டைத் திருத்தி உண்டாக்கியது ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது தலபுராணம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஊர். தேவதானம் என்றால் கோவிலுக்கு விட்ட நிலம். பாளையம் என்றால் படை தங்கிய இடம். விஜயநகர காலத்துக்குப் பின் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த ராஜுக்கள் குடியேறியதால் ராஜபாளையம்.

மதுரை நாயக்கர்கள் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்தபோது மலையடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான் போன்றவை பாளையங்கள். 1750-களில் நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றபோது மேற்குப் பாளையங்கள் அவரோடு நின்றன. 1801-ல் கர்நாடக நவாபிடமிருந்து ஆட்சி முழுவதும் கும்பினிக்குப் போனது. 1803-ல் பாளையக்காரர்களை ஜமீன்தார்களாக்கி, ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் என்று நிரந்தரமாக நிர்ணயித்தார்கள். ஜமீனுக்கு வெளியே அரசே நேரடியாகக் குடியானவனிடம் தீர்வை வாங்கிய ஊர்கள் அயன் கிராமங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் கிராமப் பட்டியலைப் படித்தபோது ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் அயன் கொல்லங்கொண்டான், ஜமீன் கொல்லங்கொண்டான் என்று இரண்டு பெயர் இருந்தது. எழுத்துப் பிழை என்று நினைத்துப் பக்கத்து சீட்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். "ரெண்டும் சரிதான் தம்பி. ஒருத்தன் சர்க்காருக்குக் கட்டினான், ஒருத்தன் ஜமீனுக்குக் கட்டினான்" என்றார். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜமீன் கிராமங்கள் எல்லாம் ரயத்துவாரி ஆயின. இன்று இரண்டு ஊருக்கும் தீர்வை ஒரே கஜானாவுக்குத்தான். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த வேலை நடந்த ஆண்டுகளில், அதாவது 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை, சென்னையில் முதல்வராக இருந்தவர் ராஜபாளையம் பூ.ச.குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றார். அதே தேர்தலில் அதே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாராளுமன்றத் தொகுதியில் காமராஜர் ஜெயித்தார். எங்கள் பக்கத்து மக்கள் ஓட்டை எண்ணித்தான் போடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

எந்த ஜில்லா?

1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்த் தாலுகாக்கள் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. அந்த ஆண்டு திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் துண்டுகளை எடுத்து ராமநாதபுரம் ஜில்லா உண்டாக்கினார்கள். 1899-ல் நடந்த சிவகாசிக் கலவரமும், தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் பகுதியை அடக்கியாள முடியவில்லை என்று அரசு நினைத்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும்.

இதில் வேடிக்கை, ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ராமநாதபுரத்தில் இல்லை. மதுரையில் இருந்தார். எங்கள் ஆட்கள் கலெக்டரைப் பார்க்க எழுபத்தைந்து கிலோமீட்டர் வடக்கே, இன்னொரு மாவட்டத்தின் தலைநகருக்குப் போனார்கள். தன் மாவட்டத்தின் பெயர் கொண்ட ஊரைப் பார்க்காமலே என் தாத்தா காலமானார். எழுபத்தைந்து ஆண்டு இப்படியே ஓடி, 1985 மார்ச் 15 அன்று மூன்றாகப் பிரித்தார்கள். எங்களுக்குக் காமராஜர் பெயர், சிவகங்கைப் பக்கத்துக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர். 1997-ல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை வைத்தார்கள். அப்படி வந்தது விருதுநகர் மாவட்டம். இன்று அதில் 10 தாலுகா, 11 ஊராட்சி ஒன்றியம்.

என் தாத்தா காலத்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு என்று பிரிந்து கிடக்கிறது. ராஜபாளையம் பிள்ளைதான், ஆனால் தாயைவிட வளர்ந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேர், ராஜபாளையத்தில் 1,30,000 பேர். காரணம் மில். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து நூல் ஊரை வளர்த்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி என்று அந்த நூல் இன்னும் ஓடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ கோபுரமும் கோர்ட்டும் பால்கோவாவும். 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பாராளுமன்றத்துக்கோ இரண்டு ஊரும் தென்காசித் தொகுதி. ஆக கலெக்டர் கிழக்கே, எம்.பி. தெற்கே, நீதிபதி உள்ளூரில். கிராமத்துக் கிழவர் ஒருவர் மனுவோடு வந்து "நான் எந்தத் திசைய்யா கும்பிடணும்?" என்று என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

1980 நவம்பர் 14

இதுவரை சொன்னது மேலே நடந்த மாற்றங்கள். மாவட்டத்தின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கிராமத்தில் ஒன்றும் மாறாமல் இருந்தது ஓர் இடம், அது கர்ணத்தின் வீட்டுத் திண்ணை. நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன பயிர், எந்த மடைப் பாய்ச்சல் என்பதெல்லாம் அடங்கல், சிட்டா, அ பதிவேடு என்று கர்ணத்தின் கையில். தீர்வை வசூலும் ஊர்க் காவலும் கிராம முன்சீப் கையில். தலையாரி, வெட்டியான் அவர்களுக்குக் கீழே. கலெக்டர் மூன்று வருடத்தில் போய்விடுவார், கர்ணம் முப்பது வருடம் இருப்பார்.

என் அப்பா கர்ணம். தாத்தாவும் கர்ணம். அதனால் இதை நடுநிலையோடு எழுதுவது எனக்குக் கஷ்டம், முயற்சி செய்கிறேன்.

இந்தப் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. சட்டமே அப்படி. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை உரிமையை எழுதி வைத்தது. சில சாதிகளின் சில குடும்பங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் திண்ணையில் உட்கார முடியாது. மற்றவர்கள் கீழே நின்று கேட்க வேண்டும். ஒரு சிட்டா நகலுக்கு எத்தனை நடை என்பது, கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தது. எல்லாக் கர்ணமும் அப்படி இல்லை என்று நான் சொல்லலாம். ஆனால் அப்படி இருக்கும் வசதி எல்லாக் கர்ணத்துக்கும் இருந்தது. 1960-ல் உச்ச நீதிமன்றம் பரம்பரையாகக் கிராமப் பதவி கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 1968-ல் தமிழ்நாடு பரம்பரை உரிமையை எடுத்தது. ஆனாலும் இருந்தவர்கள் பெரும்பாலும் இருந்தார்கள்.

1980 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் தமிழ்நாடு முழுவதும் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒரே நாளில் ஒழித்தது. இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல். நான் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. இளநிலை உதவியாளர்களை ஆளுக்குச் சில கிராமங்களாகப் பிரித்து, கணக்குகளை உடனே பொறுப்பேற்று வரச் சொன்னார்கள். சொந்த ஊருக்கு யாரையும் அனுப்பவில்லை. நான் மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். எங்கள் ஊருக்கு என்னோடு வேலை பார்த்த நண்பர் போனார்.

அந்த ஊர்க் கர்ணத்துக்கு அறுபது வயதுக்கு மேல். என்னைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு உள்ளே போய்த் துணியில் கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். நான் வரிசை எண் போட்டு எழுதினேன். பசலி 1390 அடங்கல், அதற்கு முந்தைய பசலி, அதற்கு முந்தையது, புலப்படப் புத்தகம், அ பதிவேடு. எல்லாம் முடிந்ததும் மடியிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து வைத்தார். "தம்பி, சாவிக்கும் லிஸ்ட்ல ஒரு வரி போட்டுக்கோங்க. நாளைக்குக் காணோம்னு ஒரு சொல்லு வரக்கூடாது." போட்டேன். கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. நான் மாட்டுவண்டியில் கட்டுகளை ஏற்றும்போது மட்டும், "ரிமார்க்ஸ் கலத்துல நான் எழுதினதைப் படிக்கச் சொல்லுங்க, வர்றவங்களை" என்றார்.

இரவு வீட்டுக்கு வந்தேன். கூடத்து மூலையில் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தரையில் அதன் நாலு கால் தடம். அப்பா சாப்பிட்டுவிட்டு ஈசிச்சேரில் இருந்தார். "உன் பிரெண்டு நல்ல பையன், எழுத்து நல்லா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் இழந்ததை வாங்கும் கையாக நான் இன்னொரு ஊரில் இருந்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

வழக்குகள் நடந்தன. 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்று சொன்னது. அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பதவி நிலைத்தது. தேர்வாணையத்தின் பரீட்சை எழுதி எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும், பெண்களும் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். என்னிடம் வேலை பார்த்த வி.ஏ.ஓ. ஒருவரின் தகப்பனார் அதே மாதிரி ஒரு திண்ணைக்குக் கீழே நின்று கணக்குக் கேட்டவர். அவர் அதைச் சொன்ன நாளில் 1980-ல் நடந்தது சரி என்று எனக்குள் முடிவாயிற்று. அப்பாவிடம் சொல்லும் தைரியம் வரவில்லை.

வரத்துக்கால்

சரிதான். ஆனால் போனதும் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

1979-லிருந்து 1987 வரை யூ.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பட்டாக்களைப் புதுப்பித்துப் புதிய கணக்கு எழுதினார்கள். பெரிய வேலை, நல்ல வேலை. பழைய கர்ணம் போய்ப் புதியவர் ஊன்றாத காலத்தில் நடந்ததால், ஊரை அறிந்தவர் பக்கத்தில் இல்லாமலே பல இடங்களில் எழுதப்பட்டது.

1990-களின் கடைசியில் ஒரு கிராமத்தார் மனுவோடு வந்தார்கள். ஊரையும் தாலுகாவையும் சொல்லப் போவதில்லை. மூன்று வருடம் நல்ல மழை, மேல்கண்மாய் கலுங்கு பாய்கிறது, எங்கள் கண்மாய் மட்டும் நிரம்பவில்லை என்றார்கள். வரத்துக்கால் இருந்ததாகக் கிழவர்கள் சொன்னார்கள். கணக்கில் இல்லை. அந்த இடம் பக்கத்துத் தென்னந்தோப்பின் பட்டாவுக்குள் இருந்தது. தோப்புக்காரர் பொய் சொல்லவில்லை. பட்டாவைப் பார்த்துப் பணம் கொடுத்து வாங்கியவர்.

பதிவறையில் தேடினேன். ஒரு துணிக்கட்டின் மேல் ஒட்டியிருந்த பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. கடைசி வரி: "பெட்டிச் சாவி – 1". அந்தக் கர்ணத்தின் கட்டு. பழைய அ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனி எண்ணோடு இருந்தது. அதைவிட, அடங்கலின் ரிமார்க்ஸ் கலத்தில் ஒவ்வொரு பசலியிலும் அவர் எழுதியிருந்தார்: இந்த வருடம் வரத்துக்கால் மண் எடுத்தது, வீட்டுக்கு ஓர் ஆள், இத்தனை நாள். பதினெட்டு வருடம், ஒரு வருடமும் விடாமல். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

அறிக்கை அனுப்பினேன். விசாரணை, மேல்முறையீடு என்று நாலு வருடம் போய், திருத்த உத்தரவு வந்தது. தோப்புக்காரர் இருபத்திரண்டு தென்னையை வெட்டினார். அவர் வெட்டியதை நின்று பார்த்தேன், சந்தோஷமாக இல்லை. அந்தக் கார்த்திகையில் கண்மாய் நிரம்பியது. கர்ணம் அதற்கு முன்பே போய்விட்டார்.

தாய்லாந்தில் மகன் வீட்டுக்குப் போய்வந்த என் நண்பர் அங்குள்ள தாலுகாவைப் பற்றிச் சொன்னார். அம்போ என்பது தாலுகா, தம்போன் என்பது நம் பிர்கா மாதிரி, அதற்குள் கிராமங்கள். தாலுகாத் தலைவரை பாங்காக் அரசு அனுப்புகிறது. ஆனால் கிராமத் தலைவரும் கம்னான் எனப்படும் தம்போன் தலைவரும் உள்ளூர்க்காரர்கள், ஊர் மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள். அரசு மாதம் ஒரு தொகை கொடுக்கிறது. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அடிப்படையாக இருக்கிறது. அங்கும் குறைகள் இருக்கும். ஆனால் பரம்பரை இல்லாமலும் ஊர்க்காரராக இருக்கலாம் என்று அது காட்டுகிறது. நாம் பரம்பரையை ஒழித்தபோது ஊர்க்காரரையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். இன்று ஒரு வி.ஏ.ஓ. மூன்று வருடத்தில் மாறிவிடுகிறார், சில சமயம் இரண்டு மூன்று கிராமத்தைச் சேர்த்துப் பார்க்கிறார். கணக்கெல்லாம் கணினியில். பட்டா கையிலேயே கிடைக்கிறது, கைகட்டி நிற்க வேண்டாம். ஆனால் அந்தக் கணினியில் ரிமார்க்ஸ் கலத்தில் யார் எழுதுகிறார்கள்?

பேத்தி நாலு மாவட்டத்தையும் கலர் பென்சிலால் எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் "சரியா?" என்று கேட்டு மறுபடி பார்த்தாராம். நான் அவளிடம் இன்னொரு வேலை சொல்லியிருக்கிறேன். மழை பெய்து முடிந்ததும் என்னோடு நடந்து வர வேண்டும். எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மலை வரைக்கும் காட்டப் போகிறேன். அவள் ஒரு நோட்டில் வரைந்துகொள்ளட்டும். உங்கள் ஊரிலும் பெரியவர்கள் இருந்தால், இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.